ஜெயித்தவன் உட்காரும் தள்ளுவண்டி

என் பெயர் ஆரின் டப்ஸ். நியூயார்க் மாகாணத்தில், பெரிய கால்வாயின் கரையில் இருக்கிற ஹார்லோ ஊரில் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்துப் பிழைக்கிறேன். ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். தையல் கெட்டி. வாயிலிருந்து வருகிற எதுவும் பலிக்காது. மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். போரில் காலை இழந்த மனிதனை நடுத்தெருவில் வைத்துக் கேலி செய்தவன் இவன் என்பார்கள். அது உண்மைதான். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் வருஷம் நடந்தது.

அந்த வருஷமே எனக்குச் சரியில்லை. மே மாதம் நியூயார்க்கில் பாங்குகள் கவிழ்ந்தபோது, "அதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம், கால்வாயைத் தாண்டி நம்ம ஊருக்கு வராது" என்று கடையில் உட்கார்ந்து அடித்துச் சொன்னேன். அடுத்த வாரமே இரண்டு பேர் சொல்லிவைத்த சேணத்தை வேண்டாம் என்று விட்டார்கள். அதே மாதம் ஒரு சர்க்கஸ்காரன் தன் யானைகள் இருபத்தொன்றையும் நியூயார்க்கின் புதுப் பாலத்தின்மேல் வரிசையாக ஓட்டிப்போகிறான் என்று செய்தி வந்தது. பாலம் எத்தனை கெட்டி என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காகவாம். "நடுப்பாலத்தில் பொத்துக்கொண்டு விழும்" என்று சொல்லி என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் பந்தயம் வைத்தேன். பாலம் நிற்கிறது. அந்தத் தொப்பி இப்போது ஊர் நாவிதரின் தலையில் சர்ச்சுக்கு வருகிறது.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது தட்டுகளெல்லாம் கடகடவென்று ஆடின. "திர்சா, மாடியில என்னத்தைடி உருட்டிட்டு இருக்கே?" என்று கத்தினேன். என் மனைவி திர்சா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அது நிலநடுக்கம். கிழக்குக் கடற்கரை முழுவதும் ஆடியதாம். நான் ஒருவன்தான் அதற்குப் பெண்டாட்டியைத் திட்டியவன்.

அரசியல் விஷயம் இதைவிட மோசம். நான் ஜனநாயகக் கட்சி. என் அப்பா அந்தக் கட்சி, அதனால் நானும். எங்கள் கட்சி ஜனாதிபதி தேர்தலில் கடைசியாக ஜெயித்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் தோல்வி, தோல்வி, தோல்விதான். பத்திரிகைக்காரர்கள் எங்கள் கட்சிக்குக் கழுதைப் படமும் எதிர்க்கட்சிக்கு யானைப் படமும் போடுவார்கள். எங்களுக்குப் பொருத்தமான படம் என்று எனக்கே தோன்றும்.

என் மச்சான் ஜோதம் பெக், திர்சாவின் அண்ணன், குடியரசுக் கட்சி. உள்நாட்டுப் போரில் வர்ஜீனியாவில் முழங்காலுக்குக் கீழே இடது காலை விட்டுவிட்டு வந்தவன். அதற்குப் பதில் ஒரு மரக்கட்டைக் கால். ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் தராசுக்காரன் வேலை. நிலக்கரி, மாவு, உப்பு, ஆட்டுத்தோல் எல்லாம் அவன் நிறுத்துத்தான் வண்டியேறும். யாராவது கதவைத் திறந்து பிடித்தால் அந்த வழியாகப் போகமாட்டான், சுற்றிக்கொண்டு அடுத்த கதவால் போவான். ரயிலிலிருந்து இறங்கும்போது முழங்கையைத் தாங்கிப் பிடித்த குற்றத்துக்காக எங்கள் ஊர் டாக்டருடன் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. காய்ச்சல் வந்தால் அடுத்த ஊர் டாக்டரிடம் போவான்.

எங்கள் பக்கத்தில் தேர்தல் பந்தயத்துக்குக் காசு வைப்பவர்களும் உண்டு. சர்ச்சுக்குப் போகிறவர்கள் மானத்தை வைப்பார்கள். தோற்றவன் ஜெயித்தவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து ஊர் நடுவே தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஒற்றைச் சக்கரம், இரண்டு கைப்பிடி, தோட்டத்தில் எரு அள்ளுகிற அதே வண்டிதான். முன்னால் குழலும் மத்தளமும் போகும். நானும் ஜோதமும் அறுபத்தெட்டில் இந்தப் பந்தயத்தை ஆரம்பித்தோம். ரயில் நிலையத்தில் கிளம்பி, கால்வாய்ப் பாலத்தின் கூனலில் ஏறி இறங்கி, பாப்டிஸ்ட் சர்ச் வாசலில் முடிப்பது ஏற்பாடு.

அறுபத்தெட்டில் தள்ளினேன். எழுபத்திரண்டில் தள்ளினேன். எழுபத்தாறில் ஜெயித்துவிட்டோம் என்று நான்கு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கடைசியில் மார்ச் மாதம் தோற்றோம் என்று தீர்ப்பு வந்தது. பனி உருகிய சேற்றில் கணுக்கால் வரை புதைந்துகொண்டு தள்ளினேன். எண்பதிலும் தள்ளினேன். ஜோதம் எனக்கு முகம் காட்டி உட்கார்ந்துகொண்டு, வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வருவான்.

"என்ன மாப்ளே, கழுதைக்கு இன்னைக்கு ஓட்ஸ் வெக்கலையா? நகர மாட்டேங்குது!"

"வாயை மூடிட்டு வா மச்சான், குப்புறக் கவுத்துடுவேன்."

"ஏய், இடப்பக்கம் பள்ளம்! கண்ணையும் உங்க கட்சிக்கே ஓட்டாப் போட்டுட்டியா?"

ஊர் சிரிக்கும். பெண்கள் சிலர் ஓரமாக நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் நிலைமையைப் பார்த்து அழுகிறார்கள் என்றே பதினாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேனே, என் கணிப்பு அப்படி.

எண்பத்து நாலு ஜூலை நாலாம் தேதி விழாவில் பந்தயத்தைப் புதுப்பித்தோம். ஜோதம் கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தராசில் ஏற்றி, "நூத்தித் தொண்ணூத்தாறு பவுண்டு! இத்தனை கொழுப்பையும் வெச்சுக்கிட்டு இவனால என்னைத் தள்ள முடியுமான்னு பாருங்க" என்று அறிவித்தான். நான் தள்ளுவேன் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

நவம்பரில் ஓட்டுப் போட்டோம். எங்கள் ஆளுக்குக் கல்யாணமாகாமலே ஒரு பிள்ளை என்று அவர்கள் ஏசினார்கள், அவர்கள் ஆள் ரயில் கம்பெனியிடம் கை நீட்டியவர் என்று நாங்கள் ஏசினோம். செவ்வாய்க்கிழமை ஓட்டு. புதன்கிழமை ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை வந்த பத்திரிகையில் குடியரசுக் கட்சிக்கே வெற்றி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் காப்பியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. கொட்டகைக்குப் போய் வண்டியை எடுத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, நேராக ஜோதமின் தராசுக்கு உருட்டிக்கொண்டு போனேன். பதினாறு வருஷப் பழக்கம், கால் தானாக நடந்தது.

"இன்னும் முழுசா எண்ணி முடிக்கலைன்னு தந்திக்காரன் சொல்றானேடா" என்றான் ஜோதம்.

"எண்ணுறதுக்கு என்ன இருக்கு? நாங்க தோக்கறதுக்குக் கூடவா அத்தாட்சி வேணும்? ஏறு மச்சான்."

ஏறினான். தள்ளினேன். அந்தத் தடவை அவன் வாயே திறக்கவில்லை. கட்டைக்காலை ஒரு கையால் தடவிக்கொண்டே, எனக்குப் பின்னால் இருந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். வெயில் கண்ணில் படுகிறது போலிருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன்.

சனிக்கிழமை தந்தி வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. எல்லாம் எங்கள் மாகாணத்தின் கையில் இருக்கிறதாம். மாகாணமோ ஆயிரத்துச் சில்லறை ஓட்டில் தொங்குகிறதாம். அடுத்த சனிக்கிழமை கணக்கு முடிந்தது. ஜெயித்தது நாங்கள்.

எங்கள் கட்சிக்காரர்கள் தார்ப்பீப்பாய்களைக் கொளுத்தி, பழைய பீரங்கியை வெடித்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்கு மீசை முளைத்ததிலிருந்து முதல் தடவையாக என் கட்சி ஜெயித்த தேர்தலில், தோற்றவனை ஏற்றித் தள்ளிவிட்டு வந்து நிற்கிற ஒரே மனிதன் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் யாரோ, "ஆரினை வண்டியில ஏத்துங்கடா! ஜோதம் தள்ளட்டும்!" என்று கூவினான். உடனே எல்லோருடைய சிரிப்பும் நின்றுபோனது. எல்லோரும் ஜோதமின் கட்டைக்காலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜோதம் டக், டக் என்று நடந்து வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை எங்கள் பாதிரியார் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். அவருடைய நல்ல மனசுதான் ஊரில் பாதி வம்புக்குக் காரணம்.

"ஆரின், நீங்களா முன்வந்து வேண்டாம்னு சொல்லிட்டா, பெரிய மனுஷத்தனமா இருக்கும். அவர் உடம்புக்கு இது ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எனக்கு நியாயமாகப் பட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மத்தியானம் தராசுக்கொட்டகைக்குப் போனேன்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவசரப்பட்டு உன்னை ஒரு நடை தள்ளிட்டேன்ல? இந்தத் தேர்தலுக்கு அதையே வெச்சுக்கலாம். யாரு யாரைத் தள்ளினா என்ன, வண்டி போய்ச் சேர்ந்திடுச்சுல்ல?"

ஜோதம் எடைக்கல்லைக் கீழே வைத்தான். "இதை யாரு சொல்லிக் குடுத்தா? பாதிரியாரா?"

"நானாத்தான் யோசிச்சேன்."

"உனக்கு அவ்வளவு யோசனை வராதுடா."

"சரி, அவர்தான். அதுக்கென்ன இப்ப?"

அவன் முகம் சிவந்தது. இருபது வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டதுண்டு. இப்படித் தணிந்த குரலில் பேசிக் கேட்டதில்லை.

"அஞ்சு தடவை உன் வண்டியில உக்காந்து வந்திருக்கேன். ஜெயிச்சவன் போறான்னா ஊரு கை தட்டுச்சுன்னு நினைச்சே? கால் போனவனைச் சுமந்துட்டுப் போறாங்க, பாவம்னு தட்டினாங்க. அந்தப் பொம்பளைங்க கைக்குட்டை எடுக்குறாளுங்களே, அதை நான் பார்த்துக்கிட்டே வரணும். உன்னைத் திட்டித் திட்டி ஊரைச் சிரிக்கவெச்சதெல்லாம் எதுக்குன்னு நினைச்சே? அழாம இருக்கட்டும்னுதாண்டா. ஒரு தேர்தல்ல நான் தோக்கணும், தோத்து ஒருத்தனையாவது நான் தள்ளிட்டுப் போகணும்னு பதினாறு வருஷமா மனசுக்குள்ள கிடக்கு. என் கட்சி தோத்ததுக்கு எனக்கு எத்தனை வயித்தெரிச்சல் தெரியுமா? அதுலயும் இது ஒண்ணு கிடைச்சுதேன்னு இருந்தேன். அதையும் பிடுங்கிக்க வந்திருக்கே."

நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"நன்றியறிதல் நாள் காலையில வண்டியைக் கொண்டு வா" என்றான். "நீ உக்காருவே, நான் தள்ளுவேன். வழியில நீ இறங்கினாலோ, எவனாவது கை குடுத்தாலோ அன்னைக்கோட சரி. உன் வாசப்படி மிதிக்கமாட்டேன். என் தங்கச்சி இருந்தாலும் மிதிக்கமாட்டேன்."

பதினோரு வருஷமாகப் பேச்சில்லாத டாக்டரை நினைத்துக்கொண்டேன். ஜோதம் சொன்னால் செய்வான். நவம்பர் கடைசி வியாழனில் கடவுளுக்கு நன்றி சொல்லி வான்கோழி தின்கிற அந்த நன்றியறிதல் நாளில், ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அவனுக்கென்று மேஜைத் தலைமாட்டில் ஒரு நாற்காலி. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன். எங்களுக்கும் பிள்ளை இல்லை. அந்த நாற்காலி காலியானால் என் வீட்டில் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பேன். அதைத் திர்சாவால் எத்தனை நாள் தாங்க முடியும்?

அன்று ராத்திரியே ஒரு யுக்தி செய்தேன். என் மூளையில் உதித்த யுக்தி என்பதால் அதன் கதி உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அவனுடைய பாரத்தைக் குறைப்பதற்கு நான் இளைப்பது என்று தீர்மானித்தேன். இறங்கக்கூடாது என்றுதானே சொன்னான், இளைக்கக்கூடாது என்று சொல்லவில்லையே! மறுநாள் காலை கோதுமை அப்பத்தைத் தொடவில்லை. பன்றி வறுவலைத் தள்ளிவைத்தேன். திர்சா சுட்டுவைத்த ஆப்பிள் பை என்கிற பலகாரத்தைப் பார்த்து, "வேண்டாம்" என்றேன். திர்சா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. மனுஷன் அடக்கமா இருக்கணும்."

"நீங்களா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பத்து நாள் வெறும் கஞ்சியும் முட்டைக்கோசுமாகக் கிடந்தேன். கடையில் தோலை நறுக்கும்போது அதைக்கூடக் கடித்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. நடுவில் ஒரு நாள் திர்சா வந்து, பக்கத்துப் பண்ணையில் ஒரு கன்றுக்குட்டிக்கு வேண்டும் என்று அகலமான தோள்வார் ஒன்று கேட்டாள். இத்தனை அகலத்தில் எந்தக் கன்றுக்குட்டிக்கு என்று எனக்குத் தோன்றவேயில்லை. பசி மயக்கத்தில் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே கம்பளி வைத்துக் கொடுத்தேன்.

நன்றியறிதல் நாள் நல்ல குளிர். ரயில் நிலையத்தில் ஊரே நின்றது. ஜோதம் தன் நீலப் பட்டாளச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சுற்றி நான் தைத்த அந்தக் கன்றுக்குட்டி வாரை மாட்டிக்கொண்டு நின்றான். வாரின் இரண்டு முனையும் வண்டியின் கைப்பிடிகளில் கோத்திருந்தது. நான் திர்சாவைப் பார்த்தேன். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

நான் வண்டியில் ஏறப்போனேன்.

"நில்லு. முதல்ல தராசுல ஏறு" என்றான் ஜோதம்.

"எதுக்கு மச்சான்?"

"ஏறுடான்னா."

ஏறினேன். அவன் கல்லை நகர்த்தினான். இன்னும் நகர்த்தினான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"ஜூலையில நூத்தித் தொண்ணூத்தாறு. இன்னைக்கு நூத்தி எண்பத்து நாலு. பன்னிரண்டு பவுண்டைக் காணோம்! என் தங்கச்சி சொன்னா, இவர் பத்து நாளாச் சோறு தின்னலைன்னு. மாப்ளே, எனக்குத் தள்ளுபடி தர்றியா நீ?"

கூட்டம் ஹோவென்று சிரித்தது. ஜோதம் உள்ளே போய்ப் பன்னிரண்டு பவுண்டு பீன்ஸை நிறுத்துப் பையில் கட்டிக்கொண்டு வந்து என் மடியில் தொப்பென்று போட்டான். பத்து நாள் பட்டினியும் அந்தப் பையோடு என் மடியில் உட்கார்ந்தது. ஒரு வறுவல் துண்டாவது தின்று தொலைத்திருக்கலாம் என்று எனக்கு அழுகை வந்தது.

குழலும் மத்தளமும் கிளம்பின. ஜோதம் கைப்பிடிகளைத் தூக்கினான். அவன் எப்படித் தள்ளப்போகிறான் என்று எனக்கு உள்ளூர நடுக்கம். ஆனால் அவன் பழகியிருந்தான். கொட்டகையில் உப்பு மூட்டைகளை ஏற்றித் தினமும் தள்ளிப் பார்த்தானாம், திர்சா அப்புறம் சொன்னாள். கட்டைக்காலை ஊன்றி, நல்ல காலால் உந்தி, தோளால் வாரை இழுத்து, ஒரு மாதிரி தாளத்தோடு வந்தான். வண்டி ஒவ்வொரு கல்லிலும் குதித்தது. என் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கழன்றது. ஜெயித்தவன் இருக்கை இந்த லட்சணம்தான் என்று தெரிந்திருந்தால் அத்தனை வருஷம் தோற்றதற்கு நான் வருத்தப்பட்டிருக்கவே மாட்டேன்.

பாலம் வந்தது. கால்வாய்க்கு மேலே கூன் முதுகு போட்ட மரப்பாலம், பலகையெல்லாம் உறைபனி. ஜோதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பாதி ஏற்றத்தில் டொக்கென்று ஒரு சத்தம். கட்டைக்கால் இரண்டு பலகைகளுக்கு நடுவே இறங்கி மாட்டிக்கொண்டது. வண்டி ஒரு சாண் பின்னால் சறுக்கி, அதன் கால்கள் பலகையில் ஊன்றி நின்றது. ஜோதம் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை.

குழலும் மத்தளமும் நின்றன. பாதிரியார் ஒரு எட்டு முன்னால் வைத்தார். ஓரத்தில் நின்ற பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

நான் அவனுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் கண்கள் அந்தக் கைக்குட்டைகள்மேல் போவதைப் பார்த்தேன். அப்புறம் அவன் கண் என் காலின்மேல் வந்தது. என்னை அறியாமல் ஒரு காலை வண்டிக்கு வெளியே போட்டிருந்தேன். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. இல்லை. எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி இருந்தது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். பீன்ஸ் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"என்ன மச்சான், தூங்கிட்டியா? அந்தச் சர்க்கஸ்காரனோட யானை இருபத்தொண்ணும் அந்தப் பெரிய பாலத்தையே தாண்டிடுச்சாம். இந்த நொண்டி யானை இந்தக் குட்டிப் பாலத்துக்கே மூச்சு வாங்குதே!"

ஊர் மூச்சை இழுத்துக்கொண்டது. "ஐயோ, சீ!" என்றாள் ஒருத்தி. பாதிரியார் அப்படியே நின்றுவிட்டார். ஜோதமின் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னடா சொன்னே?"

"காதும் கேக்கலையா? கால்தான் ஒண்ணுன்னு பார்த்தா காதும் ஒண்ணுதானா? எனக்குக் குளிருது. வான்கோழி ஆறிப்போகுது. தள்ளுறியா, இல்ல உங்க கட்சி ஆளுங்க நாலு பேரைக் கூப்பிடட்டுமா?"

உறைந்த மண்ணாங்கட்டி ஒன்று என் காதோரம் வந்து விழுந்தது. "வாயை மூடுடா, பாவி!" என்று எங்கள் கட்சிக்காரனே ஒருவன் கத்தினான். பெண்கள் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு என்னை நோக்கி முஷ்டியை ஆட்டினார்கள். ஒருத்தி கண்ணிலும் தண்ணீர் இல்லை. எல்லோர் கண்ணிலும் கொலைவெறி.

ஜோதம் ஒரு உறுமல் உறுமினான். உடம்பு முழுவதையும் திருகி ஒரே இழுப்பு இழுத்தான். பலகைச் சிம்பு தெறித்தது. கட்டைக்கால் வெளியே வந்தது. "உன்னை இன்னைக்குக் கால்வாயிலேயே தள்ளுறேன் பாரு!" என்று அலறிக்கொண்டு உச்சிக்கு ஏற்றினான். அந்தப் பக்க இறக்கத்தில் வண்டி அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. அவன் தாவித் தாவி வந்தான். நான் கடவுளைக் கூப்பிட்டேன். சர்ச் வாசலில் அவன் கைப்பிடியை உயர்த்தி என்னைப் படியில் கொட்டினான். பீன்ஸ் நாலாபக்கமும் சிதறியது.

அந்த மாதிரிக் கைதட்டலை எங்கள் ஊர் கேட்டதில்லை. ஜோதமைச் சுற்றி நின்று முதுகில் அடித்தார்கள், தொப்பியை எறிந்தார்கள். பாதிரியார் அவன் கையைக் குலுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆரின், உங்களை நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்."

"நானும்தாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். திர்சா மேஜை போட்டாள். வான்கோழி, பூசணிப் பை, குருநெல்லிக் குழம்பு எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஜோதம் வரவில்லை. பத்து நாள் பசியோடு நான் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. அவன் மனசு புரிந்துதான் அப்படிப் பேசினேன் என்று பாலத்தின்மேல் நினைத்தேன். ஆனால் நான் எதைத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்? நிலநடுக்கத்தையே பெண்டாட்டி என்று நினைத்தவன் நான். ஊர் முன்னால் அவனை நொண்டி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் முழங்கையைத்தானே பிடித்தார்!

"வருவார்ங்க" என்றாள் திர்சா. வான்கோழியை மறுபடி அடுப்புக்குள் வைத்தாள்.

வெகுநேரம் கழித்து வாசல் பலகையில் டக், டக் என்று கேட்டது. நான் கதவைத் திறக்க எழுந்தேன், சட்டென்று உட்கார்ந்துகொண்டேன். அவனே திறந்துகொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான்.

"திர்சா, காலை எனக்கு வெட்டு. எனக்குத்தான் ஒண்ணு குறையுது."

அவள் வெட்டி வைத்தாள். அவன் பாதி தின்று, கையைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"மாப்ளே, பாலத்து மேல ஏதோ யானைன்னியே. அதை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். இருபத்தொன்றையும், குட்டிப் பாலத்தையும், நொண்டி யானையையும் ஒன்று விடாமல் சொன்னேன். குரல் கொஞ்சம் தழுதழுத்ததால் பாலத்தின்மேல் இருந்த அளவுக்கு எடுப்பாக இல்லை. அவன் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தான். சிரித்துச் சிரித்து மேஜை விரிப்பின் ஓரத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். திர்சாவின் புது விரிப்பு அது, அதற்கும் அவள் திட்டவில்லை. நான் பூசணிப் பை முழுவதையும் தின்று, ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"எண்பத்தெட்டுலயும் நாங்கதான் ஜெயிப்போம்" என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். எண்பத்தெட்டில் தோற்றோம்.

வண்டிக்கு எண்ணெய் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நாலு வருஷமாகியும் ஊர் மறக்கவில்லை. பாதிரியார் இன்னும் எனக்குக் கை கொடுப்பதில்லை, சேணத்துக்குச் சிலர் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அவன்மேல் இரக்கப்பட்டுப் பேசினேன் என்றாகிவிடும், எல்லாம் பாழ். ஜோதம் ஏறி உட்கார்ந்தான். நான் தள்ளினேன். வழி நெடுக இரண்டு பக்கமும் "நல்லா வேணும்டா உனக்கு!", "வேகமா தள்ளுடா, வாய்க்கொழுப்பு!" என்று ஏசினார்கள். ஜோதம் கால்மேல் கட்டைக்காலைப் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தான். ஒருத்தியும் கைக்குட்டையை வெளியே எடுக்கவில்லை. எல்லோரும் என்னைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.